கதைக்கு ஐம்பது, அறிவியலுக்கு ஐம்பது

இந்த வருடம் முதல் பரிசை நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. நடுவரும் நானே.

என் பெயர் ஹிஷ்மத். கெய்ரோவில் அப்பாஸியா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். அது வயிற்றுக்கு. மனசுக்கு வேறொரு வேலை வைத்திருந்தேன். எங்கள் ஊர் அறிவியல் மாத இதழ் ஒன்று வருடா வருடம் விண்வெளி நாவல் போட்டி நடத்தும். கதைக்கு ஐம்பது மதிப்பெண், அறிவியலுக்கு ஐம்பது. ஒன்பது வருடமாக நான்தான் அங்கே நடுவர். இன்னும் இரண்டு பேர் உண்டு. இதழின் ஆசிரியர் மம்தூஹ் ஒருவர். ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர் ஒருவர்; அவருக்குக் காது மந்தம், நான் போடுவதை எட்டிப் பார்த்து அவரும் போடுவார். என் கையால் அறுபதைத் தாண்டியவர் கிடையாது. நான் நடுவர் என்று தெரிந்ததும் அலெக்ஸாந்திரியாவில் ஒருவர் எழுத்தை விட்டுவிட்டு மீன் வியாபாரத்துக்குப் போய்விட்டார். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

சினிமாவையும் நான் விட்டுவைப்பதில்லை. கல்யாணமான பத்தாம் நாள் என் மனைவி இன்ஸாஃபை ஒரு விண்வெளிப் படத்துக்குக் கூட்டிப் போனேன். திரையில் கப்பல் வெடித்தது. டமால் என்று சத்தம் கேட்டது. காற்றே இல்லாத இடத்தில் சத்தம் எப்படி வரும்? எழுந்து நின்று அரங்கத்துக்கே விளக்கினேன். அரங்கம் கொறித்துக்கொண்டிருந்த தர்பூசணி விதைத் தோலை என் மேல் எறிந்து பதில் சொன்னது. இடைவேளையில் வெளியே வந்துவிட்டோம். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் இன்ஸாஃப் முப்பது படங்களின் முதல் பாதியைப் பார்த்திருக்கிறாள்.

போட்டியில் ஜெயித்த நாவலை இதழே புத்தகமாகப் போடும். அட்டையில் பெயர் வரும். எனக்கு வேண்டியது அதுதான். இருபது வருடமாக ஓர் அட்டைக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் தப்பைத் திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனாதான் தீர்ந்தது. அதனால் ரகசியமாக ஒரு நாவல் எழுதினேன். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் தொண்ணூற்று மூன்று பக்கம் சுத்தமான கணக்கு. பொறியாளர் ராகிப் வியாழன் கிரகத்துக்குப் போகிறான். பன்னிரண்டு வருடம் கழித்து, நோன்புப் பெருநாளுக்கு முந்தின இரவு கெய்ரோவில் வந்து இறங்குகிறான். நான்கு மாடியைத் தாவி ஏறுகிறான். முகத்தம் குன்றின் மேல் முழு நிலா. அந்த வெளிச்சத்தில் மனைவியின் முகத்தைப் பார்க்கிறான். முற்றும். எழுதி முடித்துவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நடுவர் போட்டியிட முடியாது. ஆனால் நடுவரின் மனைவியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தகப்பன் பெயரைத்தான் வைத்திருப்பார்கள். இன்ஸாஃப் அப்துல் மவ்லா என்றால் அவள் என் வீட்டுக்காரி என்று இதழில் எவனுக்கும் தெரியாது. விலாசத்துக்குத் தன்தா நகரில் இருக்கும் அவள் தங்கை வீடு போதும். முதல் பதிப்பு அவள் பெயரில். இரண்டாம் பதிப்பில் உண்மையைச் சொல்லி என் பெயர். இரண்டாம் பதிப்பு வரும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. நாவலைப் பெயரில்லாமல் டைப் அடித்து அனுப்ப வேண்டும். கூடவே கையால் எழுதிய மூலப் பிரதியைப் பெயரோடு தனி உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். பரிசு முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் பெயரில் அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. கொண்டுவந்தவன் நான். என் கையெழுத்தோ மம்தூஹுக்குத் தூக்கத்தில் காட்டினாலும் தெரியும்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், இன்ஸாஃப் முலூகியாக் கீரையை அரிந்துகொண்டிருந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"உன் கையெழுத்து ரொம்ப அழகு, இன்ஸாஃப்."

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா சொன்னேன்."

"இருபத்திரண்டு வருஷத்துல நீங்க சும்மா எதையும் சொன்னதில்லையே. என்ன வேணும்?"

சொன்னேன். கத்தி நிற்கவில்லை. கீரை பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருந்தது.

"அப்ப அட்டையில என் பேரா?"

"முதல் பதிப்புல மட்டும்."

"உள்ள தப்பு ஏதாவது இருந்தா ஊரு யாரைப் பாத்துச் சிரிக்கும்?"

இதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் இல்லை என்று சொன்னேன். தப்பு கண்டுபிடிப்பதே தொழிலாக வைத்திருப்பவன் எழுதியதில் தப்பு எப்படி இருக்கும்? அவள் கீரையை ஒதுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். எழுதித் தருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெருநாளுக்கு ஒரு படம். கடைசி வரை உட்கார வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

"அறிவியல் தப்பா இருந்தா?"

"இருந்தாலும்."

"ரொம்பத் தப்பா இருந்தா?"

"கையெழுத்து என்னோடதுங்க."

ஒப்புக்கொண்டேன்.

நோன்பு முழுக்க தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவள் சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள். நோன்பு திறக்கும் பீரங்கி வெடிக்கும் வரை எழுதுவாள். எழுதியதை உடனே ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். திறந்தால் மாவு பட்டுவிடும், நீங்கள் தொடாதீர்கள் என்றாள். அடடா, என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமையலறைச் சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்கும். தாளின் மேலே ஆங்கிலத் தேதி, நடுவில் பிறைக் கணக்குத் தேதி, கீழே கிப்திக் கிறிஸ்தவர்களின் மாதத் தேதி. கிழித்த தாளின் பின்பக்கம் என்னவோ கிறுக்கி வைப்பது அவளுக்குப் பல வருடப் பழக்கம். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை.

அவள்தான் கேட்டாள்.

"ராகிப் பொண்டாட்டி இந்தப் பன்னிரண்டு வருஷமும் என்ன பண்ணா?"

"காத்திருந்தா. நூத்திப் பதினெட்டாம் பக்கத்துல எழுதியிருக்கேனே."

"ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"காத்திருக்கறதுல என்ன இருக்கு எழுதறதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். அன்றைக்கு ரொம்ப வேகமாக எழுதினாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இருபத்தேழாம் நோன்பன்று, கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாம் சரிபார்த்தாகிவிட்டதா என்று கேட்டாள். மூன்று தடவை என்றேன். கடைசிப் பக்கமுமா என்றாள். கடைசிப் பக்கம் நான்கு தடவை என்றேன். "அப்ப சரி" என்று பேனாவை மூடினாள். டைப் அடிக்கக் கொடுத்ததும் அவளே, உறைக்கு அரக்கு வைத்ததும் அவளே, இதழ் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவளே. எனக்கு விரல் நோகவில்லை.

பெருநாளன்று சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன். கையை இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து உட்கார்ந்தேன். உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஒருத்தன் ஜன்னலைத் திறந்தான். பேசவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது இன்ஸாஃப் கேட்டாள்: "ஏங்க, கப்பலுக்குள்ள எடையே இல்லன்னு எல்லாரும் மிதந்தாங்களே. அந்தப் பொண்ணு கம்மல் மட்டும் ஏன் கீழ தொங்கிட்டே இருந்துச்சு?"

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஜன்னலைப் பார்த்தேன், கப்பலைப் பார்த்தேன், கம்மலைப் பார்க்கவில்லை. தற்செயலாகச் சொல்லியிருப்பாள் என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் என் குறிப்பேட்டில் அதை என் கண்டுபிடிப்பாக எழுதிக்கொண்டேன்.

அடுத்த மாதம் முப்பத்தோரு நாவல்கள் கட்டாக வந்து இறங்கின. பெயர் கிடையாது, எண் மட்டும். ஒன்றில் கதாநாயகன் ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு செவ்வாயில் உலாவினான். அறிவியல் சைபர். இன்னொன்றில் கப்பல் பிரேக் போட்டது, சக்கரம் தேய்ந்த வாடை வந்தது. சைபருக்குக் கீழே எண் இல்லையே என்று வருத்தப்பட்டேன். இப்படியே முப்பத்தொன்றையும் புரட்டிப் பார்த்தேன். என் ராகிப்பைக் காணவில்லை.

திரும்பவும் புரட்டினேன். இல்லை. இன்ஸாஃபிடம் ஓடினேன்.

"நிஜமாவே குடுத்தியா?"

"இன்ஸாஃப் அப்துல் மவ்லான்னு கொட்டை எழுத்துல எழுதி, என் கையாலேயே குடுத்தேன். ரசீதைக் காட்டட்டுமா?"

காட்டினாள். முத்திரையோடு இருந்தது. ஆக, அலுவலகத்தில்தான் தொலைத்திருக்கிறார்கள். மம்தூஹிடம் கேட்கலாம். என்னவென்று கேட்பது? நான் அனுப்பக் கூடாத என் நாவல் ஏன் வந்து சேரவில்லை என்றா? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பத்தொன்பதாம் எண்ணைப் படிக்க எடுத்தேன். மெலிசான கட்டு. 'நான்காம் மாடி' என்று தலைப்பு. ஒரு விண்வெளிக் கதைக்கு இப்படியும் ஒரு தலைப்பா என்று சிரித்துக்கொண்டு சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

பேனா காய்ந்துபோனது. அதை மூட மறந்திருந்தேன்.

புருஷன் வியாழனுக்குப் போய்விட்டான். மனைவி அப்பாஸியாவில் நான்காம் மாடியில் இருக்கிறாள். ரேடியோவில் பேசுகிறாள். "குளிருதா?" என்று கேட்டுவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைகிறாள். மாவு உப்பி வரும்போது, "இல்லை" என்று பதில் வருகிறது. கேள்வி போக முப்பத்தைந்து நிமிடம், பதில் வர முப்பத்தைந்து. மாதங்கள் போகின்றன. இப்போது மாவு உப்பி, சுட்டு, ஆறி, எடுத்து வைத்த பிறகும் பதில் வரவில்லை. நூறு நிமிடம் ஆகிறது. அவன் தன்னிடமிருந்து விலகிப் போகிறான் என்பதை ரொட்டியை வைத்தே அவள் தெரிந்துகொள்கிறாள். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பூமியும் வியாழனும் நெருங்கி விலகும் தூரம் அட்சர சுத்தம்.

இன்னோர் இடம். அவன் சூரியக் கணக்கில் பன்னிரண்டு வருடம் போயிருந்தான். அவள் பிறையை எண்ணினாள். பிறைக் கணக்கில் வருடத்துக்குப் பதினோரு நாள் குறைவு. 'ஆகவே அவன் போயிருந்தது பன்னிரண்டு வருடம். நான் காத்திருந்தது பன்னிரண்டு வருடமும் நான்கு மாதமும்' என்று எழுதியிருந்தது. இதையும் கணக்குப் போட்டேன். சரியாக இருந்தது. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த கணக்கு அது. அதற்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

உட்கார முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போக வேண்டும் போலிருந்தது. "இன்ஸாஃப், என் செருப்பு எங்கே?" என்று குரல் கொடுத்தேன். கட்டிலுக்கு அடியில் என்றாள். மேலே போனேன். மங்கல் வேளை. கொடியில் துணி, கூண்டில் புறாக்கள், மேற்கே ஒற்றைப் புள்ளியாக வியாழன். இத்தனை வருடம் அதன் எடையைத்தான் மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன். இப்போது நான் பார்க்கிற வெளிச்சம், நான் மாலைத் தேநீரைக் குடித்து முடிக்கும்போது அங்கிருந்து கிளம்பியது. அங்கே யாராவது இருந்து நம்மை நினைத்தால், அந்த நினைப்பு வந்து சேரவும் இவ்வளவு நேரம் ஆகும். துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன்.

கீழே வந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பெருநாளுக்கு முந்தின இரவு அவன் திரும்பி வருகிறான். எடையில்லாத இடத்தில் பன்னிரண்டு வருடம் இருந்த காலில் வலு இல்லை. அக்கம்பக்கத்தார் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு மாடியும் தூக்கி வருகிறார்கள். என் ராகிப் தாவி ஏறியது ஞாபகம் வந்து சுருக்கென்றது. தெருவில் மின்சாரம் இல்லை. வானத்தில் வெளிச்சம் இல்லை. கும்மிருட்டில் கதவைத் திறந்த மனைவிக்கு வந்திருப்பது யார் என்று தெரியவில்லை. அப்போது இருட்டிலிருந்து குரல் வருகிறது: "என் செருப்பு எங்கே?" அவள் அழ ஆரம்பிக்கிறாள்.

நானும் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இப்படி ஓர் ஆளை இந்த எழுத்தாளர் எங்கேதான் பிடித்தாரோ என்று வியந்தேன்.

ஆனால் ஒன்பது வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஒரு தப்பாவது இருந்தாக வேண்டும். திரும்பப் படித்தேன். கிடைத்துவிட்டது. பெருநாள் இரவு, வானத்தில் வெளிச்சம் இல்லையாம். நிலா எங்கே போயிற்று? என் நாவலில் முகத்தம் குன்றின் மேல் முழு நிலாவை எவ்வளவு அழகாக வைத்திருந்தேன். பெரிய சைபராகப் போட்டுவிட்டு, ஊர்ஜிதம் செய்துகொள்ளச் சமையலறைக் காலண்டருக்கு நடந்தேன்.

"பெருநாள் தாள் எங்கே, இன்ஸாஃப்?"

"கிழிச்சாச்சே. அதுல என்ன பாக்கணும்?"

"அன்னிக்கு நிலா எவ்வளவு பெரிசுன்னு."

அவள் அடுப்பைத் தணித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்க, பெருநாள் எப்ப வருது?"

"நோன்பு முடிஞ்சதும். பிறை பாத்து..."

அங்கேயே நின்றுவிட்டேன். பிறை பார்த்து. கீற்றுப் பிறை, அதுவும் மாலையில் கொஞ்ச நேரம் தலையைக் காட்டிவிட்டு இறங்கிவிடும். முப்பத்தைந்து வருடமாக நோன்பு பிடிக்கிறேன். வருடா வருடம் இதே மொட்டை மாடியில் கழுத்து வலிக்க அதைத் தேடியிருக்கிறேன். தொண்ணூற்று மூன்று பக்கம் கணக்கு எழுதிவிட்டுப் பெருநாள் இரவில் முழு நிலாவை ஏற்றியிருக்கிறேன். போதாததற்கு நான்கு தடவை சரிபார்த்திருக்கிறேன்.

"இன்ஸாஃப், நம்ம நாவல் தொலைஞ்சது நல்லதாப் போச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவள்.

அன்றைக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது பத்தொன்பதாம் எண்ணைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியது யாராக இருக்கும் என்று கேட்டாள். ஒரு பெரிய வானியல் அறிஞர், ஹெல்வான் வான்நோக்கு நிலையத்தில் இருந்தவராக இருக்கலாம், அறுபது வயதாவது இருக்கும் என்றேன்.

"மாவு பிசையத் தெரிஞ்சவரா?"

"அறிஞர்களுக்கு எல்லாம் தெரியும்."

"அப்படியா" என்று சொல்லி என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

சைபரை அடித்தேன். கதைக்கு ஐம்பது, அறிவியலுக்கு ஐம்பது.

வியாழக்கிழமை மாலை மூவரும் கூடினோம். நான் போட்ட நூறைப் பார்த்து மம்தூஹ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவரும் அதற்கே அதிகம் போட்டிருந்தார். பொறியாளரும் அப்படியே, இந்த முறை என்னை எட்டிப் பார்க்காமல். மம்தூஹ் பத்தொன்பதாம் உறையின் அரக்கை உடைத்துப் பெயரைப் படித்தார்.

"இன்ஸாஃப் அப்துல் மவ்லா. தன்தா."

தேநீர் எனக்கு மூக்கு வழியாக வந்தது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அலுவலகத்தில் உறை மாறிவிட்டது. என் நாவலைத் தொலைத்துவிட்டு, அதன் உறையில் யாரோ ஒரு மகானின் நாவலைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த மகான் எங்கேயோ உட்கார்ந்து தபாலுக்குக் காத்திருப்பார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது. முதல் பதிப்பு என் மனைவி பெயரில். இரண்டாம் பதிப்பு என் பெயரில். இருபது வருடமாகக் கேட்ட அட்டை, நான் படித்ததிலேயே மிகச் சிறந்த நாவலோடு மடியில் வந்து விழுந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குமேல் முடியவில்லை. கும்மிருட்டில் கதவைத் திறந்து நின்ற அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திருட எனக்கு மனசு வரவில்லை.

எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அது என் மனைவியின் பெயர், நான் நடுவராக இருந்துகொண்டே நாவல் அனுப்பினேன், ஆனால் இது என்னுடையது இல்லை, இந்த ஜென்மத்தில் என்னால் இப்படி எழுத முடியாது, உண்மையான ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கள் என்றேன். ரொம்ப உயர்ந்த மனிதனாக உணர்ந்தேன்.

மம்தூஹ் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இன்ஸாஃப் நோன்பு மாதத்தில் எழுதிய பக்கங்களும், அவற்றோடு கட்டுக் கட்டாகக் காலண்டர் தாள்களும் மேசையில் விழுந்தன. மூலப் பிரதி. அது முளைத்த பல வருடத்துக் குறிப்புகள். ஒரு காலண்டர் தாளைத் திருப்பி உரக்கப் படித்தார்:

"ஷஅபான் மாதம் பதினான்கு. முழு நிலா. துணி எடுக்க மாடிக்குப் போனேன். புத்தகம் படிக்கிற அளவுக்கு வெளிச்சம். கீழே வந்து ஹிஷ்மத்திடம் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை. வியாழனில் இருக்கிறார்."

இன்னொன்று: "ஷஅபான் இருபத்தெட்டு. நிலா இல்லை. ஹிஷ்மத் செருப்பைத் தேடினார். கட்டிலுக்கு அடியில்."

காது மந்தமான பொறியாளருக்கு இது மட்டும் நன்றாகக் கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. இன்ஸாஃப் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"எப்பத்துல இருந்து எழுதறே?"

"நீங்க எப்பத்துல இருந்து கேக்கலையோ, அப்பத்துல இருந்து."

"வியாழனுக்கா போனேன் நான்? பக்கத்து அறையிலதானே இருந்தேன்."

"அதைத்தான் சொல்றேன். வியாழனுக்குப் போனவன்கூட ஒண்ணரை மணி நேரத்துல பதில் சொல்லிடறான்."

அவள் மடித்த சட்டையை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். என் நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் துணி சுற்றி, நாடா கட்டி, பத்திரமாக இருந்தது. அந்த முழு நிலாவைப் பார்த்ததும் அனுப்ப மனசு வரவில்லை என்றாள். சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். மூன்று தடவை சரிபார்த்தேன், நான்கு தடவை சரிபார்த்தேன் என்கிற மனிதனிடம் எப்படிச் சொல்வது என்றாள்.

"ஊரு உங்களைப் பாத்துச் சிரிக்கறது எனக்குப் பிடிக்காதுங்க. நான் ஒருத்தி சிரிச்சாப் போதும்."

கணக்குகளெல்லாம் என்னுடைய தொண்ணூற்று மூன்று பக்கத்திலிருந்து எடுத்தவைதானாம். அதில் ஒரு பிழை இல்லை, தானே போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு மனுஷியோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். பக்கத்து அறையில் ஒரு வானமே இருந்திருக்கிறது. வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தேன். என்ன பார்வை, போய்க் கைகால் கழுவுங்கள் என்றாள்.

மம்தூஹ் நல்ல மனிதர். என் நூறைக் கழித்துவிட்டுக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் பத்தொன்பதுதான் முதல். எனக்கு உடம்பு சரியில்லை என்று அறிவித்து நடுவர் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார். அதில் இன்ஸாஃபை உட்கார வைத்தார். புத்தகம் வந்தது. இரண்டாம் பதிப்பும் வந்தது. அதே பெயரோடு.

ஊரில் எல்லோரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். நானோ உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். நாற்காலி போனால் போகட்டும். இப்போது நான் நடுவர் இல்லையே. சொந்தப் பெயரில், தலை நிமிர்ந்து போட்டியிடலாமே. ஒரு வருடம் உட்கார்ந்து நாவலைத் திருத்தினேன். பஞ்சாங்கம் பார்த்துப் பிறையை வைத்தேன். ராகிப்பை நாற்காலியில் தூக்கிவரச் செய்தேன். அவன் மனைவிக்கு அறுபது பக்கம் கொடுத்தேன். எழுதும்போது அவ்வப்போது பக்கத்து அறைக்குப் போய் இன்ஸாஃபிடம் சந்தேகம் கேட்டேன். அவளும் பொறுமையாகச் சொன்னாள். நல்லா வருதுங்க என்றுகூடச் சொன்னாள்.

கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே இதழ் அலுவலகத்துக்கு நானே எடுத்துப் போனேன். மம்தூஹ் கட்டைக் கையில் வாங்கவில்லை. அச்சான விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி, புதிதாகச் சேர்ந்திருந்த கடைசி வரியை விரலால் காட்டினார். நடுவரின் கணவனோ மனைவியோ போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது.

இந்த விதியை எவன் கொண்டுவந்தான் என்று கேட்டேன்.

"இன்ஸாஃப் அம்மாதான், உஸ்தாத். ஒன்பது வருஷமா இவ்வளவு பெரிய ஓட்டை யார் கண்ணுலயும் படலையான்னு ஆச்சரியப்பட்டாங்க."